அனுப்புநர் முகவரி எது? கணிப்பொறி முடிவு செய்யும் விதம்

தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதச் சொன்னால் முதலில் என்ன எழுதுவீர்கள்? 'அனுப்புநர்' என்று எழுதி அதன்கீழ் ஒரு முகவரி. 'பெறுநர்' என்று எழுதி அதன்கீழ் இன்னொரு முகவரி. பிறகுதான் 'ஐயா' எல்லாம். பெறுநர் முகவரி தவறாக இருந்தால் கடிதம் போய்ச் சேராது. இது சிறு குழந்தைக்கும் தெரியும். அனுப்புநர் முகவரி தவறாக இருந்தால் என்ன ஆகும்? கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும். பதில்தான் வராது!

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடக்கு ஓரத்தில் கட்டுமாவடி என்ற ஊர் இருக்கிறது. பாக் விரிகுடாவை ஒட்டிய மீனவ ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்கள் அதன் மீன் கடைகளைப் பார்த்திருப்பார்கள். இந்த ஊர் மாணவன் ஒருவன் அறந்தாங்கியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு முகவரி இரண்டு: விடுதி ஒன்று, வீடு ஒன்று. ஆண்டுத் தேர்வு முடியும் நாளில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பப் படிவம் கேட்டு எழுதுகிறான். பழக்க தோஷத்தில் அனுப்புநர் இடத்தில் விடுதி முகவரியை எழுதிவிடுகிறான். படிவம் வருகிறது. ஆனால் விடுதி பூட்டிக் கிடக்கிறது. அவனோ கட்டுமாவடியில் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறான். அஞ்சல் துறையின் மீது ஒரு குற்றமும் இல்லை. கல்லூரியின் மீதும் இல்லை. இரண்டு முகவரிகளில் எதை எழுதுவது என்ற அந்த ஒரு முடிவுதான் தவறு.

இதே முடிவை உங்கள் வீட்டுக் கைபேசி ஒரு நாளில் பல ஆயிரம் தடவை எடுக்கிறது. அது எப்படி எடுக்கிறது, எப்போது சறுக்குகிறது என்பதுதான் நாம் பார்க்கப் போகும் விஷயம்.

இணையத்தில் நடக்கும் எல்லாப் பேச்சும் கடிதப் போக்குவரத்துதான். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால், கணிப்பொறி அதற்கான கோரிக்கையைச் சிறு சிறு தகவல் பொட்டலங்களாக்கி அனுப்புகிறது. மறுமுனையிலிருந்து பதிலும் பொட்டலங்களாகவே வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் நெற்றியிலும் அனுப்புநர், பெறுநர் என இரு முகவரிகள் கட்டாயம் இருக்கும். பெறுநரின் முகவரியைக் கணிப்பொறி கேட்டுத் தெரிந்துகொள்கிறது; தளங்களின் பெயரைச் சொன்னால் முகவரியைச் சொல்லும் பெயர்ப் பதிவேடுகள் இணையத்தில் உண்டு. தன் முகவரியை யாரிடம் கேட்பது? அது தனக்கே தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு முகவரி இருந்த காலத்தில் இதில் சிக்கலே இல்லை.

இன்று அப்படி இல்லை.

ஒரு பொறிக்கு எத்தனை முகவரி?

இணைய முகவரியின் நான்காம் பதிப்பு 1981-இல் வகுக்கப்பட்டது. 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு இந்த முறைக்கு மாறியது. முகவரிக்கு 32 இருமக் குறிகள், அதாவது 0 அல்லது 1 என்ற குறிகள் 32. இதைக் கொண்டு ஏறத்தாழ 429 கோடி முகவரிகள் அமைக்கலாம். அந்நாளில் இது கடல்போலத் தோன்றியது. நம் நாட்டில் 1986-இல் எர்நெட் என்ற கல்வி வலையமைப்புத் திட்டம் தொடங்கியபோது அதில் சேர்ந்தவை சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களே. 1995 ஆகஸ்டு 15-இல் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கடல் வற்றத் தொடங்கிற்று. 2011 பிப்ரவரி 3 அன்று உலகத் தலைமைக் களஞ்சியத்தில் இருந்த கடைசித் தொகுதிகளும் பங்கிடப்பட்டன.

வற்றிப் போகும் என்பதை முன்கூட்டியே கணித்த பொறியாளர்கள் 1998-இலேயே ஆறாம் பதிப்பை வகுத்துவிட்டார்கள். (ஐந்து எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அந்த எண்ணை ஒரு சோதனை முறைக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள், அது பரவவில்லை.) ஆறாம் பதிப்பின் முகவரிக்கு 128 இருமக் குறிகள். 34 என்று எழுதி அதன் வலப்பக்கம் 37 சுழிகள் போட்டால் எத்தனையோ, ஏறத்தாழ அத்தனை முகவரிகள்! 2016 செப்டம்பரில் ஜியோ கைபேசிச் சேவை தொடங்கியபோது அது ஆறாம் பதிப்பு முகவரிகளையே பெரிதும் நம்பித் தொடங்கியது. இன்று இந்தியாவில் இணையத்தைப் பயன்படுத்துவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள், தாம் அறியாமலேயே, ஆறாம் பதிப்பில்தான் உலவுகிறார்கள்.

இந்தப் புதிய முகவரியின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 128 குறிகளில் வழக்கமாக முதல் பாதி 'எந்தத் தெரு' என்பதைச் சொல்கிறது; இரண்டாம் பாதி 'எந்த வீடு' என்பதைச் சொல்கிறது. தெருப் பகுதியைச் சேவை நிறுவனம் ஒதுக்குகிறது. அதை வீட்டில் உள்ள ரவுட்டர் தமுக்கு அடிப்பதுபோல அவ்வப்போது அறிவித்துக்கொண்டே இருக்கும்: "இந்தத் தெருவின் எண் இது." கேட்டுக்கொண்டிருக்கும் கணிப்பொறி, அதன் பின்னால் தானே ஒரு வீட்டு எண்ணை ஒட்டி, முழு முகவரியை ஆக்கிக்கொள்கிறது. யாரும் வந்து எழுதித் தர வேண்டியதில்லை.

இரண்டு ரவுட்டர்கள் தமுக்கு அடித்தால்? கணிப்பொறி இரண்டு முகவரிகளையும் எடுத்துக்கொள்ளும். இவை தவிர, சுவருக்குள் மட்டும் பேசுவதற்கென்று 'எஃப்இ80' எனத் தொடங்கும் முகவரி ஒன்று எப்போதும் உண்டு. அடையாளத்தை மறைக்கும் தற்காலிக முகவரிகளும் உண்டு. கைபேசியானால் வைஃபை வழியாகச் சில, சிம் அட்டை வழியாகச் சில. ஆக, ஒரு சாதாரணக் கைபேசி ஐந்தாறு முகவரிகளோடு நடமாடுவது இன்று மிக இயல்பு.

கடையில் ஒரு காலை

மறுபடியும் கட்டுமாவடிக்கு வருவோம். கடைத்தெருவில் ஒரு கணிப்பொறிக் கடை. சான்றிதழ்களுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் விண்ணப்பம் அனுப்பித் தரும் கடை. அங்கே இரண்டு இணைப்புகள். ஒன்று ஒளியிழைக் கம்பி வழியாக வருவது. மற்றது சிம் அட்டை போட்ட சிறு ரவுட்டர். இரண்டு எதற்கு என்று இந்தக் கரையோரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரை கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டமும் அடிபட்டது. மின்கம்பங்கள் சாய்ந்தன, தொலைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. ஒரே கயிற்றை நம்பிக் கிணற்றில் இறங்கக் கூடாது என்பது அனுபவப் பாடம். ஆகவே கடைக்காரர் இரண்டு ரவுட்டர்களையும் ஒரே இணைப்புப் பெட்டியில் செருகி, அதிலிருந்து கணிப்பொறிக்குக் கம்பி இழுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாணவி ஒருத்தி மதிப்பெண் சான்றிதழோடு நிற்கிறாள். கணிப்பொறி விசித்திரமாக நடந்துகொள்கிறது. சில பக்கங்கள் கண்மூடித் திறப்பதற்குள் வருகின்றன. சில தயங்கித் தயங்கி வருகின்றன. சான்றிதழை அனுப்பும் நிரல் மட்டும் சுழன்றுகொண்டே நிற்கிறது. கடைக்காரர் ஒளியிழை ரவுட்டரைப் பார்க்கிறார். பச்சை விளக்கு எரிகிறது. சிம் ரவுட்டரைப் பார்க்கிறார். அதிலும் விளக்கு எரிகிறது. ஒன்றைக் கழற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது. மற்றதைக் கழற்றினாலும் சரியாகிவிடுகிறது. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் கோளாறு!

இரண்டு நல்ல இணைப்புகள் சேர்ந்து ஒரு கெட்ட இணைப்பாக எப்படி ஆக முடியும்? விடை, அனுப்புநர் முகவரியில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, கணிப்பொறி தன் முகவரியைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோற்றவர் வெளியே

இணையப் பொறியாளர்கள் தமக்குள் வகுத்துக்கொள்ளும் விதிகளை 'ஆர்.எஃப்.சி.' என்ற வரிசை எண்ணிட்ட ஆவணங்களாக வெளியிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். முதல் ஆவணம் 1969-இல் வந்தது. 1989-இல் வந்த 1122-ஆம் ஆவணம், முகவரியைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஓரளவு பேசியது. எந்த வாசல் வழியாகப் பொட்டலம் வெளியே போகிறதோ, பொதுவாக அந்த வாசலின் முகவரியையே எழுது என்பது அதன் சாரம். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரே வாசலுக்குப் பல முகவரிகள் வந்த பிறகு போதவில்லை. 2003 பிப்ரவரியில் ரிச்சர்ட் டிரேவ்ஸ் என்பவர் எழுதிய 3484-ஆம் ஆவணம் வரிசையாக விதிகளை வகுத்தது. 2012 செப்டம்பரில் அது திருத்தப்பட்டு 6724 ஆயிற்று. இன்றைய கணிப்பொறிகள் இதைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகின்றன.

தேர்வு நடக்கும் முறை நம் ஊர்க் கபடிப் போட்டியைப் போன்றது. முகவரிகளை இரண்டிரண்டாக மோதவிட வேண்டும். முதல் விதிப்படி ஒன்று வென்றால் மற்றது வெளியே. இரண்டும் சமமானால் அடுத்த விதி. அதிலும் சமமானால் அதற்கடுத்தது. கடைசி வரை நிற்கும் முகவரிதான் அனுப்புநர். இவ்வளவும் நீங்கள் பொத்தானை அழுத்திக் கையை எடுப்பதற்குள் முடிந்துவிடும்.

முதல் விதி எளிது: கணிப்பொறி தனக்குத் தானே அனுப்பிக்கொண்டால், பெறுநர் முகவரியே அனுப்புநர் முகவரி.

அடுத்தது, எட்டும் தூரம் பற்றியது. பக்கத்து வீட்டாரிடம் "மூன்றாம் வீட்டிலிருந்து வருகிறேன்" என்றால் புரியும். சென்னைக்கு எழுதும் கடிதத்தில் அனுப்புநர் 'மூன்றாம் வீடு' என்று மட்டும் எழுதினால் பதில் எந்த ஊர் மூன்றாம் வீட்டுக்கு வரும்? 'எஃப்இ80' முகவரி அப்படிப்பட்டது. ஒரே தெருவுக்குள் பேச அது போதும். வெளியூர்ப் பேச்சுக்கு உதவாது. வெளியே போகும் பொட்டலத்துக்கு உலகம் முழுதும் செல்லும் முகவரிதான் வேண்டும்.

மூன்றாவது விதி, வாடகை வீட்டில் குடியிருந்தவர்களுக்கு உடனே பிடிபடும். இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யப் போகிறீர்கள். அந்த முகவரி இன்னும் செல்லும். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் கடிதப் போக்குவரத்து அங்கேயே தொடரலாம். ஆனால் புதிதாக யாருக்காவது எழுதினால் அந்த முகவரியைக் கொடுப்பீர்களா? கணிப்பொறியின் ஒவ்வொரு முகவரிக்கும் இப்படி இரண்டு கெடுக்கள் உண்டு. முதல் கெடு முடிந்ததும் புதுப் பேச்சுக்கு அது ஆகாது. இரண்டாம் கெடு முடிந்ததும் எதற்குமே ஆகாது.

நான்காவது, ஊர் ஊராக நகரும் கருவிகளுக்கான ஒரு சிறப்பு ஏற்பாட்டைப் பற்றியது. அந்த ஏற்பாடு அதிகம் பரவவில்லை. நாமும் தாண்டிப் போவோம். ஐந்தாவது, பழைய 1989 கருத்துதான்: வெளியேறும் வாசலின் முகவரியைத் தேர்ந்தெடு. கைபேசியில் வைஃபை ஒரு வாசல், சிம் ஒரு வாசல். வைஃபை வழியே போகும் பொட்டலத்துக்கு வைஃபை முகவரி. ஆறாவது, முகவரிகளை இனம் பிரித்து ஒட்டிய சீட்டுகளைப் பார்த்து ஒத்த இனத்தோடு சேர்ப்பது.

ஏழாவது விதியில் சற்று நிற்க வேண்டும். ஏனென்றால் இது பொறியியல் விதி மட்டும் அல்ல. மனிதர்கள் தம் மனத்தை மாற்றிக்கொண்ட விதி.

தொடக்கத்தில் கணிப்பொறிகள் 'வீட்டு எண்' பகுதியை எப்படி ஆக்கின தெரியுமா? ஒவ்வொரு வலையமைப்புக் கருவிக்கும் தொழிற்சாலையிலேயே 48 குறிகள் கொண்ட ஓர் எண் பொறிக்கப்படுகிறது. அதன் நடுவே 16 குறிகளைச் செருகி, ஒரு குறியை மாற்றி, 64 ஆக்கிக்கொண்டன. சுலபமான வழிதான். ஆனால் விளைவைப் பாருங்கள். கட்டுமாவடியில் ஒரு தெருப் பகுதி, அறந்தாங்கி நூலகத்தில் வேறு தெருப் பகுதி, சென்னைக் கல்லூரியில் இன்னொன்று. முன்பாதி மாறிக்கொண்டே போகிறது; பின்பாதி மாறவே இல்லை! எங்கோ இருக்கும் ஒரு விளம்பர நிறுவனம், இந்தக் கருவிக்கு உரியவர் நேற்று எந்த ஊரில் இருந்தார், இன்று எங்கே இருக்கிறார் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குறித்துக்கொள்ளலாம். காலில் மணி கட்டிய ஆட்டின் நிலைதான்.

இதற்கு மாற்றாக 2001-இல் தாமஸ் நார்ட்டென், டிரேவ்ஸ் இருவரும் தற்காலிக முகவரிகளை முன்வைத்தார்கள். பின்பாதியைக் கணிப்பொறி தாறுமாறான எண்ணாக ஆக்கிக்கொள்ளும். வழக்கமாக ஒரு நாளானதும் வேறொன்றை ஆக்கிக்கொள்ளும். நிலையான முகவரி ஒன்று, தற்காலிகமானது ஒன்று என இரண்டும் இருந்தால் எதை எழுதுவது? 2003-இன் விதி, நிலையானதை எழுது என்றது. தற்காலிக முகவரியால் சில நிரல்கள் தடுமாறக்கூடும் என்ற அச்சம். 2012-இன் விதி அதைத் தலைகீழாக்கித் தற்காலிகமானதை எழுது என்றது. ஒன்பது ஆண்டுகளில் அச்சம் இடம் மாறிவிட்டது: நிரல் தடுமாறுவதைவிட மனிதரைப் பின்தொடர்வது பெரிய தீங்கு என்று முடிவு செய்தார்கள். சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. இன்றைய கருவிகள் பல, நிலையான முகவரியிலும் தொழிற்சாலை எண்ணைக் காட்டுவதில்லை.

எட்டாவது, கடைசி விதி. எல்லாவற்றிலும் சமமாக நிற்கும் இரண்டு முகவரிகளில், பெறுநர் முகவரியோடு இடப்பக்கத்திலிருந்து எது அதிக தூரம் ஒத்துப்போகிறதோ அதைத் தேர்ந்தெடு. இதற்குத் தொலைபேசிக் குறியீட்டு எண்கள் நல்ல உதாரணம். அறந்தாங்கிக்கு 04371. புதுக்கோட்டைக்கு 04322. உங்களிடம் இந்த இரண்டு ஊர்த் தொலைபேசிகளும் இருக்கின்றன. பட்டுக்கோட்டைக்குப் பேச வேண்டும். அதன் எண் 04373. அறந்தாங்கியோடு நான்கு இலக்கங்கள் ஒத்துப்போகின்றன, புதுக்கோட்டையோடு மூன்றுதான். ஆகவே அறந்தாங்கித் தொலைபேசியை எடு என்கிறது விதி. கணிப்பொறி இலக்கங்களுக்குப் பதிலாக இருமக் குறிகளை எண்ணும், அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் இதே எண்களை இன்னொரு பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். எண்ணை மட்டும் நம்பினால், அறந்தாங்கிக்குத் தன் சொந்த மாவட்டத் தலைநகரைவிட அடுத்த மாவட்டத்துப் பட்டுக்கோட்டை நெருங்கிய உறவு என்றாகும். எண்களின் ஒற்றுமை என்பது எண்களை ஒதுக்கியவர்களின் வசதி. பாதையின் உண்மை அன்று. எட்டாம் விதி, வேறு வழி இல்லாதபோது சீட்டுக் குலுக்கிப் போடுவதைவிடச் சற்றே மேலானது, அவ்வளவே. நம் கடையில் கோளாறு புகுந்தது இந்த இடத்தில்தான்.

மொட்டைக் கடிதத்துக்குத் தடை

கடைக் கணிப்பொறிக்கு ஒளியிழை ரவுட்டர் தந்த முகவரியை 'அ' என்போம். சிம் ரவுட்டர் தந்ததை 'ஆ' என்போம். வெளியூர்ப் பொட்டலங்களை ஒளியிழை ரவுட்டரிடம் கொடுப்பது என்று கணிப்பொறி முடிவு செய்துவிட்டது. இப்போது அனுப்புநர் 'அ'-வா, 'ஆ'-வா? இரண்டும் உலகம் செல்லும் முகவரிகள். இரண்டும் புதியவை. இரண்டும் ஒரே கம்பி வழியாக, ஒரே வாசலில் வந்தவை. எனவே ஐந்தாம் விதியாலும் பிரிக்க முடியவில்லை. ஆறு, ஏழும் கைவிரித்துவிட்டன. எட்டாம் விதி பெறுநர் முகவரியை ஒப்பிட்டுப் பார்க்கிறது. சில தளங்களின் முகவரி 'அ'-வோடு ஒரு குறி அதிகம் ஒத்துப்போகிறது. வேறு சில தளங்களின் முகவரி தற்செயலாக 'ஆ'-வோடு ஒத்துப்போகிறது.

இரண்டாம் வகைத் தளங்களுக்குப் போகும் பொட்டலத்தில் 'ஆ' என்று எழுதி, அதை ஒளியிழை ரவுட்டரிடம் கொடுக்கிறது கணிப்பொறி. ஒளியிழை நிறுவனம் அதை வாங்கிப் பார்க்கிறது. "இது நான் கொடுத்த முகவரி அல்லவே?" என்று சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிடுகிறது!

இது அநியாயம் என்று தோன்றும். ஆனால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1996 செப்டம்பரில் நியூயார்க் நகரின் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தை ஒரு விஷமி தாக்கினான். "உங்களோடு பேச வேண்டும்" என்ற தொடக்கப் பொட்டலங்களைச் சரமாரியாக அனுப்பினான். ஒவ்வொன்றிலும் பொய்யான அனுப்புநர் முகவரி. பேனிக்ஸின் கணிப்பொறிகள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, வராத மறுமொழிக்காகக் காத்துக் கிடந்தன. காத்திருக்கும் நாற்காலிகள் எல்லாம் நிரம்பிவிட, உண்மையான வாடிக்கையாளர்களுக்கு உட்கார இடமில்லை. சேவை முடங்கிற்று. மொட்டைக் கடிதம் எழுதியவனைப் பிடிப்பது எப்படி? எழுதிய பிறகு பிடிப்பது கடினம். புறப்படும் இடத்திலேயே தடுப்பது சுலபம். ஒவ்வொரு சேவை நிறுவனமும், தான் கொடுத்த முகவரிகளைத் தாங்கிய பொட்டலங்களை மட்டுமே வெளியே விட வேண்டும் என்று பால் ஃபெர்குசன், டேனியல் சீனி இருவரும் எழுதிய ஆவணம் 1998-இல் வந்தது. 2000-இல் திருத்தப்பட்டு 2827 ஆயிற்று.

விடுதிக் காப்பாளர் ஒருவர், "விடுதி முகவரியிட்ட கடிதங்களை மட்டுமே விடுதித் தபால்பையில் சேர்ப்பேன்" என்று விதி வைத்தால் எப்படியோ, அப்படித்தான் இது. விஷமிகளுக்கு எதிரான நல்ல விதி. அதில் கட்டுமாவடி மாணவி மாட்டிக்கொண்டாள். அவளுடைய பொட்டலம் பொய் முகவரியைத் தாங்கவில்லை. 'ஆ' அவள் உட்கார்ந்திருக்கும் கணிப்பொறியின் உண்மையான முகவரிதான். தவறான பையில் போடப்பட்ட உண்மைக் கடிதம்.

சில பக்கங்கள் தயங்கித் தயங்கி வந்த மர்மமும் இப்போது விளங்கும். இணைய உலாவிகள் கெட்டிக்காரத்தனமாக, ஆறாம் பதிப்பு முகவரியில் கால் நொடி அளவுக்குப் பதில் வராவிட்டால் நான்காம் பதிப்பு முகவரியிலும் முயன்று பார்க்கின்றன. அந்தப் பழைய முறையில் ரவுட்டரே அனுப்புநர் முகவரியைத் தன் பொது முகவரியாக மாற்றி எழுதிவிடும். எனவே பொட்டலம் தப்பிப் பிழைக்கிறது. நோய் குணமாகவில்லை, வலி மட்டும் தெரியாமல் போகிறது. சான்றிதழ் அனுப்பும் நிரலை எழுதியவர் இந்த இரண்டாம் முயற்சியைச் சேர்க்கவில்லை போலும். அது நின்றே போயிற்று.

இந்தச் சிக்கலைப் பொறியாளர்கள் அறியாமல் இல்லை. 2012-இல் விதிகளைத் திருத்தியபோது ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே புதிதாக ஒன்றைச் செருகினார்கள். அதற்கு எண் 5.5! ஒன்றாம் நடைமேடைக்கும் இரண்டாம் நடைமேடைக்கும் இடையே புதிதாக ஒன்று கட்டி '1ஏ' என்று பெயர் வைப்பதைப் போல. பொட்டலத்தை எந்த ரவுட்டரிடம் கொடுக்கப் போகிறாயோ, அந்த ரவுட்டர் அறிவித்த தெரு எண் கொண்ட முகவரியையே எழுது என்பது அந்த விதி. ஒளியிழை ரவுட்டருக்கு 'அ', சிம் ரவுட்டருக்கு 'ஆ'. எவ்வளவு இயல்பான விதி! ஆனால் எந்த அறிவிப்பை எந்த ரவுட்டர் செய்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளும் கணிப்பொறிகளால்தான் இதைப் பின்பற்ற முடியும். எல்லாக் கணிப்பொறிகளும் அப்படி நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அவ்வாறு வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2016-இல் தனியாக இன்னோர் ஆவணமே எழுத வேண்டியதாயிற்று.

கடைக்காரருக்கு நடைமுறையில் ஒரு நல்ல வழி உண்டு. இரண்டு இணைப்புகளையும் தாங்கும் ஒரே ரவுட்டரை வைப்பது. அது ஒரு சமயத்தில் ஒரு தெரு எண்ணை மட்டுமே அறிவிக்கும். ஒளியிழை அறுந்தால், 'அ' முகவரியின் முதல் கெடு முடிந்துவிட்டதாக அறிவித்து, 'ஆ'-வை முன்னே கொண்டுவரும். வாடகை வீட்டு விதி, அதாவது மூன்றாம் விதி, மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

பேருந்தில் ஏறிய பிறகு

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. தேர்ந்தெடுத்த முகவரியை நடுவில் மாற்றலாமா?

வீட்டு வைஃபையில் அண்ணனோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டே வெளியே வந்து பேருந்தில் ஏறுகிறீர்கள். வைஃபை கைவிட்டுப் போகிறது. சிம் இணைப்பு தயாராகவே இருக்கிறது. ஆனாலும் பேச்சு ஒரு கணம் உறைந்து நிற்பதையோ, அறுந்து போவதையோ கவனித்திருப்பீர்கள். காரணம் இதுதான்: இணையத்தின் பழைய உரையாடல் முறையில் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் சேர்ந்துதான் அந்த உரையாடலின் பெயர். முகவரி மாறினால், மறுமுனையைப் பொறுத்தவரை பேசுபவரே வேறு ஆள். மறுபடி முதலிலிருந்து 'ஐயா' என்று தொடங்க வேண்டும்.

2021 மே மாதம் விதியாக வெளிவந்த 'க்விக்' என்ற முறை இதை வேறுவிதமாக அணுகுகிறது. ஒவ்வொரு உரையாடலுக்கும் தனியே ஓர் எண் கொடுக்கிறது. அரசு அலுவலகக் கடிதங்களில் 'பார்வை' என்று போட்டுப் பழைய கடிதத்தின் எண்ணைக் குறிப்பிடுவார்களே, அது போல. அனுப்புநர் முகவரி மாறினாலும் பார்வை எண்ணைக் கொண்டு, 'இது அதே கடிதப் போக்குவரத்துதான்' என்று மறுமுனை புரிந்துகொள்கிறது. அதை ஆதரிக்கும் செயலிகளில் கட்டுமாவடி வைஃபையில் தொடங்கிய பேச்சு, அறந்தாங்கிச் சாலையில் சிம் முகவரியிலும் தொடர முடியும். எல்லாச் செயலிகளும் இன்னும் அந்தக் கட்டத்தை எட்டவில்லை.

கைபேசி அருகில் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அமைப்புகளில் 'ஃபோனைப் பற்றி' என்ற பகுதியில் ஐபி முகவரிகளைத் தேடுங்கள். 192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் செல்லும் நான்காம் பதிப்பு முகவரி. எஃப்இ80 தெருவுக்குள் பேசுவது. 24 என்று தொடங்கும் நீளமான முகவரி இருந்தால், அது ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஒதுக்கிய தொகுதியைச் சேர்ந்த உலக முகவரியாக இருக்கக்கூடும். அப்படி ஒன்றுக்கு மேல் இருந்தால், முன்பாதி ஒன்றாகவும் பின்பாதி வேறாகவும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். அவற்றைத் தேதியிட்டுக் குறித்து வைத்துக்கொண்டு நாளை மறுநாள் மறுபடி பாருங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு ஒரு தடவை. எது மாறியது, எது மாறவில்லை என்பதைக் கொண்டு எது நிலையானது, எது தற்காலிகமானது, எது எந்த வாசலுக்கு உரியது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.